மெட்பார்மினின் பங்காளியும் மூன்றாம் நிலை வெள்ளியும்

வீட்டில் யாராவது சர்க்கரைக்கு மெட்பார்மின் எடுக்கிறார்களா? அந்த மூலக்கூறு பைகுவனைடு என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தின் இன்னொரு உறுப்பினரை வைத்து 1943-இல் கல்கத்தாவில் ஒரு விசித்திரமான வேலை நடந்தது. வங்கம் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த வருஷம் அது.

செய்தவர் பிரியதாரஞ்சன் ராய், பிரபுல்ல சந்திர ராயின் மாணவர். அவர் கையிலெடுத்தது வெள்ளி.

வெள்ளி ரொம்பப் பிடிவாதமான உலோகம். ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து +1 ஆகும், அதோடு சரி. போட்டோ பிலிமில் இருந்த சில்வர் புரோமைடு, ஆய்வகத்து சில்வர் நைட்ரேட் எல்லாமே +1 தான். மூன்று எலக்ட்ரானைப் பிடுங்கினால், எதிரே கிடைப்பதிலிருந்து திரும்பப் பறித்துக்கொள்ளும். சும்மா இருக்கும் தண்ணீரைக்கூட விடாது.

இங்கேதான் ஈனி வருகிறது. ஈனி என்றால் உலோக அணுவைச் சுற்றி நின்று தன் எலக்ட்ரான் ஜோடியைக் கொடுக்கும் மூலக்கூறு. பெர்சல்பேட் என்ற ஆக்சிஜனேற்றியோடு பிரிடினைச் சேர்த்தால் வெள்ளி +2 வரை போகும் என்பது முன்பே தெரியும். ராய் பெர்சல்பேட்டை மாற்றவில்லை, ஈனியை மாற்றினார். இரண்டு பைகுவனைடு துண்டுகளை எத்திலீன் பாலம் போட்டு இணைத்த மூலக்கூறு அது. நாலு பிரிடின் தனித்தனியாக ஒட்டியிருந்த இடத்தில், இது ஒன்றே நாலு நைட்ரஜனாலும் வெள்ளியைச் சதுரமாகக் கவ்விப் பிடிக்கும். பிரிடினைவிட தாராளமாக எலக்ட்ரான் கொடுக்கிற நைட்ரஜன்கள் வேறு. விளைவு, சிவப்பு நிறப் படிகம். வெள்ளி +3.

சரி, +3 என்று எப்படி நம்புவது? ஆக்சிஜனேற்ற எண் என்பது ஓரளவுக்கு நாம் எழுதிக்கொள்ளும் கணக்குதானே. ஆனால் இங்கே இரண்டு சாட்சி உண்டு. +2 வெள்ளியில் ஜோடியில்லாத எலக்ட்ரான் ஒன்று மிஞ்சும், காந்தம் அதை இழுக்கும். சதுரத்தில் உட்கார்ந்த +3 வெள்ளியில் எல்லாம் ஜோடியாகிவிடும். இந்தச் சேர்மத்தைக் காந்தம் இழுப்பதில்லை. அடுத்து அயோடைடு. அதைச் சேர்த்தால், +1-க்குத் திரும்பும் ஒவ்வொரு வெள்ளி அணுவும் இரண்டு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஒரு அயோடின் மூலக்கூறை வெளியே தள்ளும். +2 ஆக இருந்தால் அதில் பாதிதான். காந்தமும் அயோடினும் ஒரே பதிலைச் சொன்னால் அதற்குமேல் வாதாட எனக்குத் தெம்பில்லை! பின்னாளில் எக்ஸ்-ரே படிக ஆய்வும் அந்த நைட்ரஜன் சதுரத்தைக் காட்டியது.

ராய் இதை நேச்சர் இதழில் சிறு குறிப்பாக வெளியிட்டார். இன்றைய பாடப்புத்தகங்களில் அவர் பெயர் வருவது வேறொரு இடத்தில், ராய்–தத் முறுக்கு என்று. இடக்கை வடிவ கோபால்ட் அணைவு, பிணைப்பு எதுவும் அறுபடாமல் எப்படி முறுக்கிக்கொண்டு வலக்கை வடிவமாகிறது என்பதற்கான விளக்கம். அதுவும் 1943 தான். அந்த கோபால்ட்டைச் சுற்றி இருந்ததும் பைகுவனைடுதான்.