கெய்ரோ அறையும் கண்டக்குழிக் கடலும்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையிலே, கண்டக்குழியில் நின்று நோக்கினால் கண்ணுக்கெட்டிய வரை கடலே தோன்றும். அந்த இந்துமாக்கடலிலே முற்காலத்தில் வாணிகம் செய்தோருள் யூதர்களும் இருந்தனர். அவர்தம் வாழ்வை உரைக்கும் ஏடுகள், எகிப்து நாட்டு ஆலயமொன்றில் பழைய சமயநூல்களைக் குவித்து வைத்த அறையிலே அகப்பட்டன.

இறைவன் திருநாமம் பொறித்த ஏட்டை எரித்தலும் எறிதலும் ஆகா என்பது யூதர் மரபு. சிதைந்த நூல்களைக் கெனிசா என்னும் அறையில் இட்டு வைத்துப் பின்னர் மண்ணில் அடக்குவர். பழைய கெய்ரோவாகிய புஸ்தாத்தின் பென் எஸ்ரா ஆலயத்திலோ, இட்ட ஏடுகளுட் பெரும்பாலானவை பல நூற்றாண்டுகள் அறையிலேயே தங்கிவிட்டன. மழை அரிதான நாடாதலின் அவை மக்கிப் போகவில்லை.

1896ஆம் ஆண்டில் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்னும் இரட்டைச் சகோதரியர், தாம் கீழ்நாடுகளில் விலைக்கு வாங்கிய ஏடுகளைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டரிடம் காட்டினர். அவற்றுள் ஒன்று பென் சீரா இயற்றிய நீதிநூலின் எபிரேய மூலம். அதுவரை பெரும்பாலும் மொழிபெயர்ப்புகளாலேயே அறியப்பட்ட நூல். அவ்வாண்டின் இறுதியில் ஷெக்டர் கெய்ரோ சென்று, ஆலயத்தார் இசைவுடன் 1897இல் அப்புதையலின் பெரும்பகுதியைக் கொணர்ந்தார். இன்று கேம்பிரிட்ஜில் ஏறத்தாழ 1,93,000 துண்டுகள் உள்ளன.

வேதநூல் தேடியவர்க்கு வணிகர் கடிதங்களும் கிடைத்தன. எவ்வாறு எனில், அவ்வணிகர் அரபு மொழியை எபிரேய எழுத்தில் எழுதினர். தமிழை அரபெழுத்தில் எழுதிய நம் முஸ்லிம்களின் அரபுத்தமிழை அறிந்தோர்க்கு இது வியப்பன்று. எழுத்தின்மேல் கொண்ட மதிப்பினால் கணக்கும் கடிதமும் அவ்வறையைச் சேர்ந்தன.

ஆபிரகாம் பென் இஜூ என்பார் 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த வணிகர். ஏடனிலிருந்து அவருக்கு வந்த கடிதமொன்று, கப்பல் உடைந்து மிளகு அழிந்ததையும், முக்குளிப்போர் இரும்பில் ஒரு பகுதியை மீட்டதையும் கூறுகிறது. பேரறிஞர் மைமோனிடீசுக்கு அவர்தம் இளவல் தாவீது, இந்தியா செல்லத் துணிந்ததாகச் செங்கடல் துறையாகிய ஐதாபிலிருந்து எழுதிய மடலும் கிடைத்துள்ளது. தாவீது பின்னர் இந்துமாக்கடலில் மூழ்கி மாண்டார். தமையனார் துயரால் ஓராண்டு நோயிற் கிடந்தார்.

நம் தீவும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. 1154இல் நூலை முடித்த அல்-இத்ரீசி, இலங்கை மன்னனின் 16 அமைச்சருள் நால்வர் யூதர் என எழுதினார். 1344இல் புத்தளத்தில் இறங்கிய இப்னு பதூதா, கரையிலே கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததைக் குறித்தார்.

அந்த வணிகர் எவரும் நமக்காக எழுதினாரல்லர். எழுத்தை அழிக்க அஞ்சிய எளிய மக்களே அவர் குரலைக் காத்தளித்தனர். நம் வீட்டுப் பரணிலும், கோயிலிலும், பள்ளிவாசலிலும் கிடக்கும் ஏடுகளைத் தீயிலிடும் முன்னர், படிக்க வல்லார் ஒருவரிடம் காட்டுவோமாக.