சொக்சோ சந்தாவும் முதலாளியின் தவறும்

மலேசியாவில் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1971 முதல் இயங்குகிறது. மலாக்காவில் ஜாசின், அலோர் காஜா தோட்டங்களில் வேலை செய்பவருக்கும் பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளில் வேலை செய்பவருக்கும் இதே சட்டந்தான். மாதச் சந்தாவில், சம்பளத்தின் ஏறக்குறைய 1.75 விழுக்காடு முதலாளியின் பங்கு, 0.5 விழுக்காடு தொழிலாளியின் பங்கு. இரண்டையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் முதலாளியே கட்ட வேண்டும். தவறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. பாக்கிக்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி வேறு. ஆனால் இந்தத் தண்டனையால், தவறு நடந்தபின் தொழிலாளியின் இழப்பு முழுதும் சரியாகிவிடாது.

விபத்தில் சட்டம் தாராளமாகவே இருக்கிறது. செம்பனைக் குலை வெட்டுகையில் மட்டை விழுந்து ஒருவரின் தோள் முறிகிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை, கட்ட வேண்டிய வேலையில் அவர் இருந்தால் போதும். சட்டத்தின் பார்வையில் அவர் காப்புறுதி பெற்றவரே. மருத்துவ விடுப்பு நாட்களுக்கு சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். இது சலுகை அன்று. வேலை விபத்துக்காக முதலாளிமேல் நஷ்டஈட்டு வழக்குப் போடும் உரிமையை அதே சட்டம் பறித்திருக்கிறது. அதற்கு ஈடுதான் இது. நோயின் கதை வேறு. சிறுநீரகம் செயலிழந்தவர் இயலாமை ஓய்வூதியத்துக்கு முழுத் தகுதி பெற, பொதுவாக முந்திய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா தேவை. முதலாளி விட்ட ஒவ்வொரு மாதமும் இங்கேதான் கணக்கைக் குலைக்கிறது.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு ரிங்கிட்டுக்கு வைத்தியம் கிடைக்கும்போது இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பார்கள். வைத்தியம் மலிவுதான், ஆனால் நின்றுபோன சம்பளத்தை ஆஸ்பத்திரி தராது. "சந்தா பிடிக்க வேண்டாம் என்று ஆளே சொன்னார்" என்பதும் செல்லாது; இது இருவர் பேசித் தீர்க்கும் விஷயமல்ல. காண்ட்ராக் ஆட்கள் எங்கள் பொறுப்பல்ல என்று தோட்ட நிர்வாகம் கைவிரிப்பதுதான் ஓரளவு வலுவான மறுப்பு. அதையும் சட்டம் முன்கூட்டியே அடைத்துவிட்டது: இடையில் குத்தகைக்காரர் இருந்தாலும் சந்தாவுக்குத் தலைமை முதலாளியே பொறுப்பு. முதலாளி தரும் மருத்துவ அட்டை சொக்சோவில் சேராது. அது வேலை ஒப்பந்தத்தையோ சங்கத்தின் கூட்டு ஒப்பந்தத்தையோ சார்ந்தது. சொக்சோவுக்கோ, சம்பளச் சீட்டில் தெரியும் பிடித்தம் மட்டும் போதாது. அந்தப் பணம் தன் பெயரில் ஏறியிருக்கிறதா என்பதைத் தொழிலாளி சொக்சோ அலுவலகத்திலேயே கேட்டுப் பார்க்கலாம். ஏறவில்லை என்றால் பழைய சம்பளச் சீட்டுகளே முதல் சாட்சி.