சும்மா செய்கிற வேலை

லண்டன் குரோய்டனில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் யாழ்ப்பாணத்து அன்ரி. மதுரைக்காரனான நான் 'ஆன்ட்டி' என்று சொன்னால் சிரிப்பார், அதனால் நானும் அன்ரி என்றே பழகிவிட்டேன். தெற்கு லண்டனில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் 19 வருடம் பில் கவுண்டரில் இருந்தவர். இங்குள்ள ஈழத்தமிழர்கள் அந்த இடத்தை 'ரில்' என்பார்கள். "ரில்லில நிண்ட காலத்தில" என்று அன்ரி தொடங்கினால் அரை மணி நேரம் போய்விடும்.

அவருக்கு முழங்கால் வலி. சனிக்கிழமைகளில் சாமான் தூக்க நானும் கூடப் போவேன். உள்ளே ஒன்றாகத்தான் நுழைவோம், காசு கொடுக்கும் இடத்தில் பிரிந்துவிடுவோம். நான், நாமே பில் போட்டுக்கொள்ளும் மெஷினுக்குப் போவேன். அவர் ஆள் இருக்கும் கவுண்டருக்குப் போவார். எங்கள் கடையில் ஒன்பது மெஷின்கள். கவுண்டர் இரண்டே இரண்டு, அதிலும் ஒன்றுதான் திறந்திருக்கும். நான் மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு, வாசலில் பையோடு இருபது நிமிடம் நிற்பேன்.

ஒருநாள் பொறுமை போய்க் கேட்டேவிட்டேன். "அன்ரி, ஒரு பால், ஒரு பாண், நாலு தக்காளி. இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வரிசையில நிக்கணும்?"

"தம்பி, அது நான் 19 வருஷம் சம்பளத்துக்குச் செய்த வேலை. இப்ப அதையே என்னைச் சும்மா செய்யச் சொல்லுறாங்கள். நான் ஏன் செய்யவேணும்?"

என்னிடம் பதில் இல்லை. ஆனால் என் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. இந்த ஊருக்கு வந்த புதிதில் கவுண்டரில் இருப்பவர்கள் கேட்பது எனக்குப் பாதி புரியாது. எதைக் கேட்டாலும் 'யெஸ்' சொல்லி, வேண்டாத பைக்கெல்லாம் காசு கொடுத்திருக்கிறேன். பின்னால் நிற்கிறவர் பெருமூச்சு விடுவது மட்டும் தெளிவாகக் கேட்கும். மெஷின் பெருமூச்சு விடாது. எழுதியிருப்பதை நிதானமாக வாசித்து அழுத்தலாம். என் ஆங்கிலத்தைப் பார்த்து முகம் மாறாத முதல் ஆள் இந்த ஊரில் அந்த மெஷின்தான்.

அன்ரியின் கேள்வி புதிது என்றுதான் நினைத்திருந்தேன். அது மெஷினைவிடப் பழையது என்றும், முன்பு கேட்கப்பட்ட இடங்களில் ஒன்று எங்கள் குரோய்டன்தான் என்றும் பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன்.

1950 ஜூன். குரோய்டன் லண்டன் ரோட்டில் இருந்த தன் பழைய கடையை செயின்ஸ்பரி நிறுவனம் மாற்றித் திறந்தது. அதுவரை அவர்கள் கடைகளில் வெண்ணெய்க்கு ஒரு கவுண்டர், பன்றி இறைச்சிக்கு ஒரு கவுண்டர், மளிகைக்கு ஒரு கவுண்டர். ஒவ்வொன்றிலும் தனித்தனி வரிசை. கவுண்டருக்குப் பின்னால் வெள்ளை அங்கி போட்ட ஆள் வெட்டி, நிறுத்து, பொட்டலம் கட்டித் தருவார். போர் முடிந்திருந்தும் ரேஷன் முடியவில்லை. வேலைக்கு ஆளும் கிடைக்கவில்லை. குடும்ப நிறுவனத்தின் ஆலன் செயின்ஸ்பரி 1949இல் அமெரிக்கா போய் அங்கிருந்த சுயசேவைக் கடைகளைப் பார்த்து வந்தார். குரோய்டன் கடை அந்தப் பயணத்தின் விளைவு. கம்பிக்கூடையை எடுத்துக்கொள், வேண்டியதை நீயே எடு, வாசலில் காசு கொடு. 'வரிசையில்லா ஷாப்பிங்' என்று விளம்பரம் வேறு. இன்று அன்ரி நிற்கும் வரிசையை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

எல்லோரும் மகிழ்ந்துவிடவில்லை. ஒரு பெண்மணி கையில் கொடுத்த கூடையை ஆலன் செயின்ஸ்பரி மேலேயே வீசினார் என்பது அந்த நிறுவனத்தின் வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் சம்பவம். பக்கத்து ஊரான பர்லியில் ஒரு நீதிபதியின் மனைவி, கடைச் சிப்பந்தி செய்யவேண்டிய வேலையைத் தன்னைச் செய்யச் சொல்கிறார்களே என்று அவரைக் கடுமையாகத் திட்டினாராம். பருத்தித்துறையிலிருந்து வந்த அன்ரியும் பர்லியின் நீதிபதி மனைவியும் வேறு எதில் ஒத்துப்போவார்கள் என்று தெரியவில்லை. இதில் ஒத்துப்போகிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய கடை அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் இருந்தது. 1916 செப்டம்பரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற விசித்திரப் பெயரில் அதைத் திறந்தார். அன்றைய மளிகைக்கடையில் பட்டியலைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், சிப்பந்திதான் எடுத்துத் தருவார். கடன் உண்டு, வீட்டுக்கே அனுப்புவதும் உண்டு. அந்தச் செலவெல்லாம் விலையில்தான் ஏறுகிறது என்று சாண்டர்ஸ் கணக்குப் போட்டார். அவர் கடையில் கடன் கிடையாது, வீட்டுக்கு அனுப்புவதும் கிடையாது. ஒரு சுழல் தடுப்பு வழியாக உள்ளே போனால் திரும்ப வழியில்லை. பாம்பு மாதிரி வளைந்து வளைந்து எல்லா அலமாரிகளையும் தாண்டித்தான் வெளியேற முடியும். அந்தப் பாதையின் அமைப்புக்கே 1917இல் காப்புரிமை வாங்கினார். பாதை முடியும் இடத்தில், நாமே பொறுக்கிக்கொண்டு வந்ததைக் கணக்குப் பார்த்துக் காசு வாங்க ஓர் ஆள்.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அன்ரி காக்க நினைக்கிற அந்த ரில் சுயசேவையின் பிள்ளை! பத்து வேலைகளைக் கடைக்காரரிடமிருந்து பிடுங்கி நம் தலையில் கட்டியபோது, மிச்சம் விட்டது அந்த ஒரு வேலையைத்தான். அதுவும் இப்போது நம்மிடம் வருகிறது.

அதற்காக அந்தப் பழைய கவுண்டர் ஒன்றும் சொர்க்கம் இல்லை. அமெரிக்கத் தெற்கில் வெள்ளைக்காரர்கள் வாங்கி முடிக்கும்வரை கறுப்பின மக்கள் ஓரமாக நிற்கவேண்டியிருந்த காலம் அது. யாரை முதலில் கவனிப்பது, யாருக்கு எந்த அரிசியைப் போடுவது என்பதெல்லாம் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவரின் கையில். இது எனக்குப் புத்தகத்தில் படித்துத்தான் தெரியவேண்டும் என்றில்லை. எங்கள் தெரு மளிகைக்கடையில் சின்ன வயதில் எவ்வளவு நேரம் நின்றிருக்கிறேன்! என் தலைக்கு மேலே பெரியவர்களின் கைகள் நீளும். கார் வைத்திருக்கும் வீட்டுக்காரரை "வாங்க சார்" என்பார்கள். என்னிடம் "இருடா". கடைக்காரரின் முகமலர்ச்சி எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்ததில்லை. சுயசேவை அதை ஒழித்துவிடவில்லை, என்றாலும் விலைச்சீட்டையும் வரிசையையும் கொண்டுவந்தது. வரிசையில் சிறுவனுக்கும் ஓர் இடம் உண்டு.

சாண்டர்ஸ் பங்குச்சந்தையில் சூதாடி 1923இல் கம்பெனியை இழந்தார். ஆனால் ஓயவில்லை. 1937இல் 'கீடூசில்' என்று ஒரு கடை போட்டார். கண்ணாடிக்குள் சரக்கின் மாதிரி இருக்கும், கையிலுள்ள சாவியைச் செருகினால் சாமான் பட்டையில் உருண்டு வந்துசேரும். கூட்டம் வந்ததும் ஒருவர் சாமான் இன்னொருவருக்குப் போனது, மெஷின் திணறியது. கடை நிற்கவில்லை.

அவருக்குக் கிடைக்காமல் போனது பார்கோடு. 1974 ஜூன் 26, ஒஹையோ மாநிலம் ட்ராய் என்ற சிற்றூரின் மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சூயிங்கம் பொதி ஸ்கேன் செய்யப்பட்டது. விலை 67 சென்ட். அதற்கும் எதிர்ப்பு இருந்தது. பொருளின் மேல் விலை ஒட்டுவதை நிறுத்திவிடுவார்கள், பிறகு மெஷின் சொல்வதுதான் விலை என்று வாங்குபவர்களும் தொழிற்சங்கங்களும் பயந்தார்கள். ஒவ்வொரு பொருளிலும் விலை இருக்கவேண்டும் என்று மிச்சிகன் மாநிலம் 1976இல் சட்டமே போட்டது. 2011இல் அதை நீக்கிவிட்டார்கள்.

அன்ரி தொழிலைத் தொடங்கியபோது பார்கோடு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. இருந்தும் ஸ்டிக்கர் கிழிந்த காய்கறிக்கெல்லாம் எண் அவருக்கு மனப்பாடம். இஞ்சிக்கு என்ன எண் என்று இப்போதும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் விலையை மெஷினே அறியும் என்றான பிறகு, கோட்டைக் காட்டுகிற கை யாருடையதாக இருந்தால் என்ன என்ற கேள்வி வந்துதானே தீரும்? 1986இல் அட்லாண்டா பக்கம் ஒரு க்ரோகர் கடையில் அப்படி ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். 1992இல் நியூயார்க் மாநிலத்தின் ப்ரைஸ் சாப்பர் கடையில் வைத்ததுதான் இன்று நாம் பார்க்கும் வகைக்கு முன்னோடி. பை வைக்கும் தட்டுக்குக் கீழே ஒரு தராசு. ஸ்கேன் செய்த பொருளின் எடையும் தட்டில் விழுந்த எடையும் ஒத்துப்போகாவிட்டால் மெஷின் கத்தும். வேலையைக் கொடுத்த கையோடு சந்தேகத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள்.

சந்தேகம் வீண் என்றும் சொல்லமுடியாது. கையிருப்பைவிட அதிகமாகக் காரட் விற்றதாகக் கணக்குக் காட்டிய ஒரு சூப்பர் மார்க்கெட்டைப் பற்றிக் குற்றவியலாளர் எமலின் டெய்லர் எழுதியிருக்கிறார். விலை கூடிய அவகாடோவைத் தட்டில் வைத்துவிட்டு மெஷினில் காரட் படத்தை அழுத்தியிருக்கிறார்கள் மக்கள். நல்ல மனிதர்கள்தான்! எதிரில் ஒரு முகம் இருந்தால் அதைச் செய்திருக்க மாட்டார்கள். இப்போது சில கடைகளில் ரசீதைக் காட்டினால்தான் வெளிக்கதவு திறக்கும். சாண்டர்ஸின் சுழல் தடுப்பு இடம் மாறி வந்திருக்கிறது.

போன வருடம் எனக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. பையிலிருந்த ஒவ்வொன்றையும் எடுத்துச் சரிபார்த்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஏன் எரிந்தது என்று யாரும் சொல்லவில்லை. வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள், நான் தக்காளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்து முகம் மாறாதது என்று நான் மெச்சிய மெஷின் அது.

எதிர்த்திசையிலும் சில கடைகள் போகின்றன. நெதர்லாந்தில் யும்போ என்ற நிறுவனம் 2019இல் ஃப்ளைமன் என்ற ஊரில், அவசரமில்லாதவர்கள் நின்று பேசிக்கொண்டே பில் போடலாம் என்று ஒரு கவுண்டர் திறந்தது. முதியவர்களின் தனிமையை மனதில் வைத்து. வட இங்கிலாந்தின் பூத்ஸ் நிறுவனம் 2023 நவம்பரில் தன் 28 கடைகளில் இரண்டைத் தவிர மற்றவற்றிலிருந்து மெஷின்களை எடுக்கப்போவதாக அறிவித்தது. அன்ரியிடம் இதைச் சொன்னேன். "விலை கூடின கடையா இருக்கும்" என்றார். உண்மைதான், கொஞ்சம் வசதியானவர்களின் கடை.

அந்தக் கதை பேசும் கவுண்டரைப் பற்றியும் சொன்னேன். அன்ரி சிரித்தார். "ரில்லில நிண்ட காலத்தில, ஒரு நிமிஷத்துக்கு எத்தினை சாமான் அடிக்கிறாய் எண்டு எண்ணினவங்கள் தம்பி. ஒரு கிழவி மனிசன் செத்த கதை சொல்லி அழுது. நான் கதைச்சுக்கொண்டிருந்தன் எண்டு மனேஜர் கூப்பிட்டுப் பேசினவன்."

சென்ற சனிக்கிழமை முழங்கால் வலி கூடிவிட்டது. வரிசை பிஸ்கட் அலமாரிவரை நீண்டிருந்தது. அன்ரி ஒன்றும் பேசாமல் என் பின்னால் மெஷினுக்கு வந்தார். நான் ஸ்கேன் செய்ய ஆரம்பித்ததும் கையைத் தட்டிவிட்டார். "முட்டையை ஆரும் முதல்ல வைப்பினமோ?" பாரமானவை அடியில், குளிரானவை சேர்த்து, பாணும் முட்டையும் கடைசியில். பீப் பீப் என்று என்னால் எண்ண முடியாத வேகம். மெஷினால்கூட முடியவில்லை போல, சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது.

மேற்பார்வைக்கு நின்ற பெண் ஓடிவந்தார். அட்டையைக் காட்டி விளக்கை அணைத்தவர், நிமிர்ந்து பார்த்து அன்ரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பழைய கடையில் பக்கத்து ரில்லில் இருந்தவராம். இப்போது இங்கே ஒன்பது மெஷினுக்கும் அவர் ஒருவர்தான். மகன் கல்யாணம், முழங்கால், ஊர்ப் பயணம் என்று இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். அதற்குள் மூன்று மெஷின்களில் சிவப்பு எரிந்துவிட்டது. நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றேன்.