களையாக வந்து பயிரான கதை

குர்காவ் வந்து எட்டு வருஷம் ஆச்சு. இட்லிக்கு மாவில்லாத நாட்களில் எனக்கு ஓட்ஸ் கஞ்சிதான். அந்த ஓட்ஸுக்கு ஒரு போக்கிரி அண்ணன் இருக்கிறான் என்பது போன பிப்ரவரியில்தான் தெரிந்தது.

ஆபீஸில் ஆணி குறைந்த ஒரு சனிக்கிழமை, கூட வேலை பார்க்கும் நண்பனின் கிராமத்துக்குப் போனேன். ஜஜ்ஜர் பக்கம். கம்பு அறுத்த நிலத்தில் கோதுமை நின்றது. நண்பனின் பெரியப்பா (அங்கே தாவ்ஜி) வயலுக்குள் இறங்கி, கோதுமை மாதிரியே இருந்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது தாவ்ஜி."

"கதிர் வர்ற வரைக்கும் எனக்கும் அப்படித்தான் பேட்டா. இது ஜங்லி ஜயீ."

அதாவது காட்டு ஓட்ஸ். கோதுமை அறுவடைக்கு முன்பே இதன் மணிகள் உதிர்ந்துவிடும். மண்ணுக்குள் சில வருஷம் தூங்கிவிட்டுக்கூட முளைக்கும். மணியின் முதுகில் ஒரு முறுக்கிய கூர். ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், காய்ந்தால் திரும்ப முறுக்கிக்கொள்ளும். அப்படியே விதை மண்ணுக்குள் நகர்ந்து இறங்கிவிடும். ராபர்ட் ஹூக் 1665-ல் வந்த தன் புத்தகத்தில், இந்தக் கூரை வைத்துக் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி செய்வதை விளக்கியிருக்கிறார்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். கோதுமையும் பார்லியும் மேற்கு ஆசியாவில் பயிராகி 10,000 வருஷம் இருக்கும். அந்த வயல்களில் அழையா விருந்தாளியாக நுழைந்ததுதான் ஓட்ஸ். விதைநெல் மாதிரி அவர்கள் எடுத்துவைத்த தானியத்தில், உதிராமல் கதிரிலேயே நின்ற ஓட்ஸ் மணிகளும் சேர்ந்து வந்தன. அடுத்த வருஷம் அவையும் விதைக்கப்பட்டன. இப்படியே, உதிராத ஓட்ஸை மனிதன் தனக்குத் தெரியாமலே தேர்ந்தெடுத்தான். பயிர் வடக்கே குளிர்ப் பிரதேசங்களுக்குப் போனபோது கோதுமை தடுமாறியது, ஓட்ஸ் தழைத்தது. ஐரோப்பாவில் சுமார் 3,000 வருஷங்களுக்கு முன் அது தனிப்பயிர் ஆகிவிட்டது. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினிக்கு ஓட்ஸ் என்பது பார்லி கெட்டுப்போய் உண்டாகும் நோய். ஆனால் ஜெர்மானியர்கள் அதையே விதைத்துக் கஞ்சி குடிக்கிறார்கள் என்றும் அவரே எழுதியிருக்கிறார்!

ஓட்ஸ் களையிலிருந்து வந்தது என்று எடுத்துச் சொன்னவர் ரஷ்ய விஞ்ஞானி வவிலோவ். எம்மர் கோதுமை (நம் சம்பா கோதுமையின் இனம்) வயல்களில் ஓட்ஸ் களையாக நிற்பதைக் கவனித்தவர். உலகம் சுற்றி விதை சேர்த்த அந்த மனிதர் ஸ்டாலின் ஆட்சியில் 1940-ல் கைதாகி, 1943-ல் சரடோவ் சிறையில் பட்டினியில் இறந்தார். லெனின்கிராட் முற்றுகையில், அவருடைய நிறுவனத்தில் விதைகளைக் காத்த பலர் அவற்றில் ஒரு பிடி எடுத்துச் சமைக்காமலே பசியில் செத்தார்கள். ஓட்ஸ் விதைகளைக் காத்த ரோடினா அவர்களில் ஒருவர்.

மனிதன் தெரியாமல் தேர்ந்தெடுப்பது இன்னும் நிற்கவில்லை. ஹரியானாவில் மண்டூசி என்ற இன்னொரு கோதுமைக் களைக்கு வருஷக்கணக்கில் ஐசோபுரோட்டூரான் என்ற ஒரே மருந்தை அடித்தார்கள். 1990-களில் அது அந்த மருந்துக்குச் சாகாத களையாகிவிட்டது. காட்டு ஓட்ஸும் 1980-களிலேயே ஆஸ்திரேலியாவில் இந்த வித்தையைக் காட்டிவிட்டது. அரிவாளால் அன்று பயிரை உண்டாக்கினோம், மருந்தால் இன்று முரட்டுக் களையை உண்டாக்குகிறோம்.

தாவ்ஜியிடம், "மருந்து அடிக்கலையா?" என்று கேட்டேன். "அடிச்சேன். மிச்சம் நின்னதைத்தான் கையால பிடுங்குறேன். விட்டா அடுத்த வருஷம் இதோட பிள்ளைகள்தான் நிக்கும்" என்றார்.

வவிலோவ் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். பாடம் மட்டும் தெரிந்திருக்கிறது.