சேர்க்கைத் தேர்வும் வகுப்பறையும்: தமிழ்நாட்டின் நாற்பதாண்டு அனுபவம்

மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கப் பள்ளி இறுதித் தேர்வு போதுமா, தனி நுழைவுத் தேர்வு வேண்டுமா என்ற விவாதத்தில் இரு தரப்பாரும் தேர்வை ஓர் அளவுகோலாகவே பார்க்கின்றனர். எந்த அளவுகோல் துல்லியமானது என்பதே அவர்களுடைய சண்டை. ஆனால் தேர்வு அளப்பதோடு நிற்பதில்லை. கல்லூரி இடம் எந்தத் தேர்வோடு கட்டப்பட்டிருக்கிறதோ, அதை நோக்கியே குடும்பத்தின் பணமும் ஆசிரியரின் நேரமும் பிள்ளைகளின் தூக்கமும் போகின்றன. சேர்க்கை விதியை எழுதுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, பதினொன்றாம் வகுப்பில் என்ன நடத்தப்படும் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறார். இந்தக் கோணத்தில் பார்த்தால் இடம் பள்ளித் தேர்வோடு இருப்பதே சரி என்பது என் வாதம். அந்தப் பள்ளித் தேர்வு எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற பொறுப்பைத் தமிழ்நாடு நீண்டகாலம் தட்டிக்கழித்தது என்பதும் அதே வாதத்தின் பகுதிதான்.

மேல்நிலைக் கல்வி 1978இல் தொடங்கியது. பிளஸ் டூவின் முதல் பொதுத்தேர்வு 1980இல் நடந்தது. நான்கே ஆண்டுகளில், 1984இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ பாட மதிப்பெண்களை 200க்குச் சுருக்கி, நுழைவுத் தேர்வுக்கு 100 சேர்த்து, 300க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டார்கள். இரண்டு தேர்வுகளையும் சமநிலையில் வைத்தது போன்ற தோற்றம் இதில் உண்டு. நடைமுறையில் முன்வரிசை மாணவர் பலரும் பிளஸ் டூவில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நெருங்கி நின்றதால், அவர்களைப் பிரித்து வரிசைப்படுத்தியது அந்த நூறு மதிப்பெண்தான். தேர்வுகளைக் கலக்கும் எந்தச் சூத்திரத்திலும் இது நேரும். மதிப்பெண்கள் அதிகம் விரிந்து கிடக்கும் தேர்வே முடிவைத் தீர்மானிக்கும். காகிதத்தில் அதற்கு எத்தனை விழுக்காடு எழுதியிருக்கிறது என்பது இரண்டாம்பட்சம். பொதுத்தேர்வு முடிந்த கையோடு நகரத்துப் பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சேர முடிந்தவருக்கே அந்த நூறு எட்டும் தூரத்தில் இருந்தது.

ஜெயலலிதா அரசு 2005இல் அரசாணையாலும் 2006 தொடக்கத்தில் சட்டத்தாலும் நுழைவுத் தேர்வை நீக்க முயன்றது. சென்னை உயர் நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. பல வாரியங்களில் படித்தவர்கள் போட்டியிடும் இடத்தில் அனைவரையும் ஒரே சீராக மதிப்பிடப் பொதுவான போட்டித் தேர்வு தேவை என்ற மருத்துவக் கவுன்சில் விதி குறுக்கே நின்றது. அடுத்து வந்த திமுக அரசு கல்வியாளர் மு.அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்தது. அதன் பரிந்துரையை ஒட்டி 2006 டிசம்பரில் புதிய சட்டம் நிறைவேறியது. 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. கல்வி பொதுப்பட்டியலில் இருப்பதால், ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம் இந்த மாநிலத்துக்குள் செல்லும் என்று உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது.

இந்தச் சட்டத்தின் உயிர்நாடி, வாரியங்களைச் சமன்படுத்தும் அதன் பிரிவு. அரசியல் மேடைகளில் அதிகம் பேசப்படாத பகுதி இது. இயற்பியலில் மாநில வாரியத்தின் முதல் மதிப்பெண் 100, வேறொரு வாரியத்தின் முதல் மதிப்பெண் 90 என்று கொள்வோம். இரண்டும் 100 எனக் கருதப்படும். அந்த வாரியத்தில் 60 பெற்றவருக்கு 66.66 கிடைக்கும். எளிமையானது, யாரும் சரிபார்க்கக்கூடியது, நீதிமன்றத்தில் விளக்கக்கூடியது. ஆனால் புள்ளியியல் நோக்கில் மிகவும் பலவீனமானது. ஒரு வாரியத்தின் பல்லாயிரம் மாணவரின் மதிப்பெண்ணை, அதில் முதலாவதாக வந்த ஒரே ஒருவரின் மதிப்பெண்ணைக் கொண்டு நீட்டுகிறோம். இரு வாரியங்களிலும் யாரோ ஒருவர் நூறு வாங்கிவிட்டால் சூத்திரம் எதையும் மாற்றாது. ஒன்றில் தாராளத் திருத்தம், மற்றதில் கறார்த் திருத்தம் என்ற வேறுபாடு அப்படியே நீடிக்கும்.

இதன் விளைவு ஏட்டில் பதிவாகியிருக்கிறது. மருத்துவச் சேர்க்கையை ஆராய மாநில அரசு அமைத்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழுவின் 2021 அறிக்கைப்படி, 2016-17இல் மருத்துவப் படிப்பில் சேர்ந்தோரில் மாநில வாரிய மாணவர் 98.23 விழுக்காடு, சிபிஎஸ்இ மாணவர் 0.97 விழுக்காடு. மாநிலத்தில் சிபிஎஸ்இ பள்ளிகள் அன்று குறைவு என்பதைக் கணக்கில் கொண்டாலும், அந்தப் பெற்றோரின் மனக்குறையை வெறும் மேட்டிமைப் புலம்பல் என்று ஒதுக்குவது நேர்மையாகாது. சமன்படுத்தும் சூத்திரம் சரியாக வேலை செய்யவில்லை என்று அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. நுழைவுத் தேர்வை எதிர்ப்பவர்கள் இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்ட பிறகும் வாதம் நிற்கும்.

2007 முதல் பத்தாண்டுகள் இடம் முழுவதும் பிளஸ் டூவிடம் இருந்தது. தனிப் பயிற்சிக்குப் பணம் கட்டாமல், ஊர்ப் பள்ளியில் படித்து, தமிழில் தேர்வெழுதி மருத்துவரானவர்கள் இந்தக் காலத்தில் கணிசமாக உண்டு. இது பெரிய சமூகச் சாதனை. அதே பத்தாண்டுகளில்தான் நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் ஒரு தொழிலாக வளர்ந்தன. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு ஆண்டுகள் திரும்பத் திரும்ப எழுதவைத்தார்கள். எந்த அலகிலிருந்து எத்தனை மதிப்பெண் வரும் என்பதைப் புளூபிரின்ட் என்னும் வினாத்தாள் வரைவு முன்கூட்டியே சொல்லிவிட்டது; ஒரு மதிப்பெண் வினாக்கள் பெரும்பாலும் புக் பேக் எனப்படும் பாட இறுதிப் பயிற்சிகளிலிருந்தே வந்தன. எதைப் படிக்க வேண்டாம் என்பதும் அதனால் தெரிந்துபோயிற்று. முழு மதிப்பெண், அதாவது சென்டம், வாங்குவோர் பெருகினார்கள். மேல்வரிசையில் கட்-ஆஃப் அரை, கால் மதிப்பெண்ணில் ஊசலாடியது. ஒருவர் இயற்பியல் விடைத்தாளில் ஓர் அளவீட்டு அலகைக் குறிக்க மறந்தால் அவருடைய எதிர்காலம் மாறிற்று.

பொறியியல் தரவரிசையில் சமநிலை வந்தால் முதலில் கணிதம், பிறகு இயற்பியல், அதன்பின் நான்காம் பாடம் என்று தொடர்ந்து, கடைசியில் பிறந்த தேதி, சமவாய்ப்பு எண் என்று விதி இருக்கிறது. பலரும் இதைக் கேலி செய்வார்கள். நான் அந்த விதியை மதிக்கிறேன். நெருங்கி நிற்கும் இரண்டு பிள்ளைகளை இனியும் பிரித்துக்காட்ட எந்த மதிப்பெண்ணுக்கும் வக்கில்லை என்று அரசே ஒப்புக்கொள்ளும் ஒரே இடம் அதுதான்.

ஆக, பள்ளித் தேர்விடம் இடத்தைக் கொடுத்தோம். அதைத் தாங்கும் வலு அந்தத் தேர்வுக்கு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. நுழைவுத் தேர்வை நீக்கிய அரசுகள் வினாத்தாளைத் தொடவில்லை. தேர்ச்சி விழுக்காடு உயர்வதும் சென்டம் பெருகுவதும் ஆட்சியின் சாதனையாக அறிவிக்கப்பட்டன. தரவரிசை அறிவிப்பை நிறுத்தி, மொத்த மதிப்பெண்ணை 1200இலிருந்து 600ஆகக் குறைத்து, பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்து, புதிய பாடத்திட்டம் எழுதத் தொடங்கியதெல்லாம் 2017இல்தான். அதற்குள் மருத்துவ இடம் கையைவிட்டுப் போயிருந்தது.

அதற்குக் காரணம் நீட். மருத்துவப் படிப்புக்கான, நாடு முழுமைக்குமான இந்த நுழைவுத் தேர்வு 2013இல் முதன்முதலாக நடந்தது. அவ்வாண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை ரத்து செய்தது. 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. ஓராண்டு அவசரச் சட்டத்தால் விலக்குக் கிடைத்தபின், 2017இல் தமிழ்நாட்டு மாணவர் நீட் வழியாகவே சேர நேர்ந்தது. ராஜன் குழுவின் கணக்கில், 2020-21இல் சிபிஎஸ்இ மாணவர் பங்கு 38.84 விழுக்காடாக உயர்ந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் பங்கு 24.61இலிருந்து 14.46 விழுக்காடாகச் சரிந்தது. நான்கு ஆண்டுகளில் ஒரு வாரியத்துப் பிள்ளைகள் திடீரென அறிவாளிகளாகவும் இன்னொரு வாரியத்தார் மந்தமாகவும் மாறிவிட முடியாது. தேர்வு எந்தப் பாடநூலிலிருந்து வருகிறதோ அந்தப் பாடநூலை வைத்திருந்தவர் முன்னால் போனார். முன்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்த தராசு இப்போது மறுபக்கம் சாய்ந்தது என்று இதைச் சமாதானம் சொல்லலாம்தான்.

சமாதானம் சொல்ல முடியாத எண் வேறொன்று. சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பள்ளியை முடித்து மறுபடி எழுதியவர்கள், அதாவது ரிப்பீட்டர்கள், 2016-17இல் 12.47 விழுக்காடு, 2020-21இல் 71.42 விழுக்காடு. பள்ளியிலிருந்து நேரே வரும் மாணவர் சிறுபான்மை ஆனார். பதினெட்டு வயதுப் பிள்ளையை வருமானமில்லாமல் ஓராண்டோ ஈராண்டோ வீட்டிலோ விடுதியிலோ வைத்திருந்து, கோச்சிங் கட்டணமும் கட்ட முடிந்த குடும்பம் எது? பெண்பிள்ளைக்கு அந்த ஆண்டுகளைத் தரும் குடும்பங்கள் எத்தனை? நீட் தேர்வுக்கு முயற்சி வரம்பு கிடையாது. இருந்த உச்ச வயது வரம்பும் 2022இல் நீக்கப்பட்டது. பழைய முறையிலும் மதிப்பெண்ணை உயர்த்த மறுபடி எழுதும் இம்ப்ரூவ்மென்ட் வழக்கம் இருந்தது. அதை ஒழிக்க மாநில அரசு முயன்றதற்கும் இந்த வசதி வேறுபாடே காரணம். காத்திருக்கும் வசதிக்குத் திறமை என்று பெயரிட்டு, நீட் அதை மதிப்பெண்ணாக மாற்றித் தருகிறது.

மொழியின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்ததாக வழக்கு வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கருணை மதிப்பெண் சரியான தீர்வா என்பது தனிக் கேள்வி. தமிழில் பாடம் நடத்தும் ஆசிரியர் எழுதாத வினாவைத் தமிழில் படித்த மாணவர் எதிர்கொண்டார் என்பதே இங்கு முக்கியம்.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. தனியார் மருத்துவக் கல்லூரிகள் நன்கொடைக்கு இடம் விற்றுவந்தன. நாடு முழுமைக்குமான ஒரே தேர்வு அதற்குக் கடிவாளமிட்டது என்கிறார்கள். ஒரு மாணவர் பத்துக் கல்லூரிகளுக்குப் பத்துத் தேர்வு எழுதிய அலைச்சல் குறைந்தது என்பது மெய். கடிவாளம் எவ்வளவு இறுக்கமானது என்பதையும் பார்ப்போம். 2018இல் பொதுப்பிரிவுக்கான தகுதி மதிப்பெண் 720க்கு 119. அதாவது ஆறில் ஒரு பங்கு. தகுதி என்பது நூற்றுமான வரிசையில் நடுவே நின்றால் போதும் என்று வரையறுக்கப்பட்டதால் இது சாத்தியமாயிற்று. மேலே நின்று கட்டணம் கட்ட முடியாதவர் விலக, கீழே நின்று கட்ட முடிந்தவர் உள்ளே வருகிறார். 2024இல் வினாத்தாள் கசிவும், அறுபத்தேழு பேர் 720க்கு 720 பெற்றதாக முதலில் வெளியான முடிவும், ஒரே நாளில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நடத்தும் தேர்வு அப்பழுக்கற்றது என்ற நம்பிக்கையையும் அசைத்துவிட்டன.

பள்ளித் தேர்வையே நுழைவாயிலாக வைத்திருக்கும் அண்டை நாடு இலங்கை. அங்கே உயர்தரப் பரீட்சைதான் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிறது. 1970களில் தரப்படுத்தல் என்ற பெயரில் மதிப்பெண்களைச் சமன்படுத்திய முறை தமிழ் மாணவருக்கு இழைத்த அநீதி யாவருக்கும் தெரிந்தது. சமன்படுத்தும் சூத்திரம் அரசியலின் கையாளாகும்போது ஒரு தலைமுறையின் நம்பிக்கையே உடைகிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். 2001 முதல் பாடந்தோறும் சராசரியையும் பரவலையும் கொண்டு கணிக்கும் இசட் புள்ளி முறை நடப்பில் உள்ளது; பெரும்பகுதி இடங்கள் மாவட்ட அடிப்படையில் பகிரப்படுகின்றன. 2011 பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்ட மாணவர்களைச் சேர்த்துக் கணித்ததால் குழப்பம் எழுந்து அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தலையிட நேர்ந்தது. இசட் புள்ளி போல, ஒரு மாணவர் தம் வாரியத்துக்குள் எங்கே நிற்கிறார் என்பதைக் கணக்கிடும் எந்த முறையும், ஒப்பிடப்படும் கூட்டங்கள் ஏறக்குறைய ஒரே தரத்தவை என்று எடுத்துக்கொள்கிறது. வசதியுள்ள சிறு கூட்டத்தையும் எல்லாத் தரப்பும் கலந்த பெருங்கூட்டத்தையும் அப்படி எடுத்துக்கொள்வது பிழை. தமிழ்நாட்டுக்குப் பொருந்தும் வழி, அறிவியல் பாடங்களில் எல்லா வாரியத்தாருக்கும் பொதுவான சில வினாக்களைப் பள்ளித் தேர்வுக்குள்ளேயே வைத்து, அவற்றின் துணையால் மற்ற மதிப்பெண்களை இணைப்பது என்று கருதுகிறேன். மைய வாரியத்தின் ஒத்துழைப்பு இதற்கு வேண்டும், கிடைப்பது எளிதன்று.

அது கிடைக்கும்வரை மாநிலத்தின் கையில் இருப்பவை குறைவல்ல. 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு நீதிபதி கலையரசன் ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி 2020இல் சட்டமாகி, நீட் எழுதும் அரசுப் பள்ளி மாணவருக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அடுத்த ஆண்டு பொறியியலுக்கும் விரிந்தது. பொறியியல் சேர்க்கை இன்றும் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் நடக்கிறது. மருத்துவத்துக்காகப் போராடும் அரசு, தன் கையிலிருக்கும் பொறியியல் சேர்க்கையில் தன் தேர்வின் தரத்தை நிரூபித்துக் காட்டலாம்.

இங்கேதான் எனக்குக் கவலை. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்ததே அந்த ஆண்டுப் பாடத்தை மீட்பதற்காக. 2018இல் அதன் மதிப்பெண் உயர்கல்விச் சேர்க்கைக்குக் கணக்கில் வராது என்று முடிவானது. அன்றே அந்தத் தேர்வு தன் பிடியை இழந்தது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை முற்றாக நீக்கிவிட்டது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அடுத்தடுத்து மூன்று பொதுத்தேர்வு சுமை என்ற காரணத்தை மறுக்கவில்லை. சுமையை இறக்கியாயிற்று, பாடம் எங்கே போகும்? பன்னிரண்டாம் வகுப்பு வினாத்தாளில் இயற்பியலிலும் கணிதத்திலும் மூன்றில் ஒரு பங்கு வினாக்கள் பதினொன்றாம் வகுப்புப் பகுதிகளின் மேல் நின்று கேட்கப்பட வேண்டும். எந்த அலகிலிருந்து என்று முன்கூட்டித் தெரியக் கூடாது. திருத்திய விடைத்தாள்களில் ஒரு மாதிரியை ஆண்டுதோறும் வேறு மாவட்டத்து ஆசிரியர்கள் மறுபடி திருத்தி, வேறுபாட்டை அரசு வெளியிட வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ குடியரசுத் தலைவரின் ஒப்புதலோ தேவையில்லை. அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.