யூரியாவும் மாட்டுத் தீவனமும்

மாம்புரி முதலான புத்தளக் கரையோர ஊர்களில் கோடை நீண்டால் புல் கருகும். மாடுகளுக்கு வைக்கோலே கதி. அதிலோ புரதம் மிகக் குறைவு. அசைபோடும் விலங்கின் முதலிரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் பிற நைதரசன் சேர்மங்களிலிருந்தும் புரதம் ஆக்கவல்லன என்னும் கருத்தை, 1891ஆம் ஆண்டில் ஜேர்மானிய அறிஞர் சுண்ட்ஸ் வெளியிட்டார். முதல் உலகப் போரில் தீவனம் அருகவே, அந்நாட்டார் யூரியாவை மாடுகளுக்கு ஊட்டிப் பார்த்தனர்.

இலங்கையில் 1980களில் யூரியா வைக்கோல் ஆராயப்பட்டது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரில் முற்றாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் சில நாள் மூடிவைப்பது முறை. அளவு மிஞ்சினால் அமோனியா இரத்தத்தில் ஏறி மாடு மாளும். முதலிரைப்பை முதிராத கன்றுக்கு இது ஆகாது. கரைசலை மாடு குடிக்கவும் விடலாகாது. வறியவனின் மாட்டை வாழ்விப்பதும் மாய்ப்பதும் அளவே.