தலபுராணமும் நிகழ்காலமும்: திருவாரூர் ஓவியம் திருமுல்லைவாயிலுக்குக் காட்டும் வழி

கோயில் ஓவிய மரபைத் தழுவி வரையும் இன்றைய ஓவியர் பலர், அதன் வண்ணத்தையும் அணிகலனையும் எடுத்துக்கொண்டு கதைசொல்லும் முறையை விட்டுவிடுகின்றனர். ஓர் ஊரின் தலபுராணத்தை அவ்வூரின் நிகழ்காலத்தோடு சேர்த்துத் தீட்டுவதே தமிழகக் கோயில் ஓவியத்தின் உயிர்ப்பண்பு. மரபைத் தொடர்வது என்பது அப்பண்பைத் தொடர்வதே என்பது இக்கட்டுரையின் வாதம்.

திருவாரூர் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டப விதானம் இதற்கு முதன்மைச் சான்று. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வோவியங்கள் முசுகுந்தன் என்ற மன்னனின் கதையைச் சொல்கின்றன. குரங்கு முகம் கொண்ட அம்மன்னன், இந்திரன் காட்டிய ஒன்றுபோன்ற ஏழு திருமேனிகளுள் உண்மையான தியாகராசரை இனங்கண்டு திருவாரூருக்குக் கொண்டுவந்தான். காட்சிகள் பட்டை பட்டையாக நீள்கின்றன. தமிழ் வாசகங்கள் அவற்றை விளக்குகின்றன. அடுத்தடுத்த கட்டங்களில் மன்னன் திரும்பத் திரும்பத் தோன்றுவதால், அண்ணாந்து பார்த்தபடி நடப்பவர் கதையைத் தொடர்ந்து படித்துவிடலாம். விழாக் காட்சியில் இசைவாணரும் ஆடல் மகளிரும் வருகின்றனர், வாணவேடிக்கையும் நடக்கிறது. புராண மன்னனின் விழாவில் வெடிமருந்துக்கு என்ன வேலை? ஓவியர் சிங்காதனம் தம் காலத்துத் திருவிழாவையே புராணத்துக்குள் வைத்தார். தம் பெயரையும் அங்கேயே எழுதிவைத்தார்.

பாணி மாறாதிருப்பதே மரபு என்பாருக்குத் தஞ்சைப் பெரிய கோயில் விடையளிக்கிறது. கருவறையைச் சூழ்ந்த உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். பழையதை மூடியது இழப்புதான். ஆயினும் பின்வந்தவர்கள் முன்னோரைப் படியெடுக்காமல் தம் காலப் பாணியிலேயே தீட்டினர் என்பதற்கு அச்சுவரே சாட்சி.

இம்முறையை இன்று எப்படிக் கையாளலாம் என்று பார்க்க, சென்னைப் புறநகரான அண்ணனூர் வட்டாரத்துக்கு வருவோம். அண்ணனூருக்கு அடுத்த ரயில் நிலையமான திருமுல்லைவாயிலில் மாசிலாமணீசுவரர் கோயில் உள்ளது. அதன் தலபுராணத்தில், குறும்பரோடு போரிட வந்த தொண்டைமான் மன்னனின் யானைக் கால்களில் முல்லைக்கொடி சுற்றிக்கொள்கிறது. அவன் கொடியை வாளால் வெட்ட, புதருக்குள்ளிருந்த லிங்கத்தில் குருதி வழிகிறது. பிழையுணர்ந்த மன்னன் தன்னையே மாய்த்துக்கொள்ள முனைகையில் இறைவன் தோன்றி, போருக்கு நந்தியைத் துணையாக அனுப்புகிறார். நந்தி இறைவனுக்கு முதுகு காட்டி நிற்பதும், லிங்கம் சந்தனக் காப்போடு இருப்பதும், குறும்பர் கோட்டையிலிருந்து வந்ததாகக் கூறப்படும் எருக்கந்தூண்கள் கருவறை முன் நிற்பதும் இக்கதையின் தடயங்கள்.

பொன்தாள் ஒட்டிய தஞ்சாவூர்ப் பலகை ஒன்றில் இக்கதை அடங்காது. வெட்டு, குருதி, திகைப்பு, அருள், படையெடுப்பு என நகரும் இக்கதைக்குத் திருவாரூரின் பட்டை முறையே பொருந்தும். சிங்காதனத்தின் வாணவேடிக்கைக்கு இருந்த இடம், இங்கே அண்ணனூர் பணிமனைக்குத் திரும்பும் மின்சார ரயிலுக்கும் உண்டு.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஓவியர்கள் தத்தம் ஊர்த் தலபுராணங்களிலிருந்தே தொடங்க வேண்டும். பழஞ்சுவர்களில் தூரிகை படக் கூடாது. துணியும் பலகையும் பள்ளிச் சுவர்களும் போதும். காட்சிக்குக் கீழே தமிழ் வாசகமும் ஓவியரின் பெயரும் இடம்பெறட்டும்.